இரவல் வந்த ஏடுகள்

அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரிலே 1706-ஆம் ஆண்டு பிறந்தான் ஒரு சிறுவன். தந்தைக்கு மெழுகுவத்தியும் சோப்பும் செய்து விற்கும் தொழில். பிள்ளைகளோ பதினேழு பேர்! பள்ளிப் படிப்பு இரண்டே ஆண்டுகளில் முடிந்தது. பன்னிரண்டு வயதில் அண்ணனின் அச்சகத்திலே தொழில் பழகச் சேர்ந்தான். பெஞ்சமின் பிராங்க்ளின் என்று உலகம் பின்னாளில் போற்றிய அவன் பயின்ற கல்லூரி எது? இரவல் ஏடுகள்தாம்!

புத்தகக் கடைகளிலே பணி பழகிய பையன்கள் அவனுக்கு நண்பர்கள். மாலையில் தந்த ஏடு காலையில் கடைக்குத் திரும்பியாக வேண்டும். விடிய விடியப் படித்தான், கசங்காமல் தந்தான். பதினாறாம் வயதில், தன் சாப்பாட்டுச் செலவில் பாதியைக் கையில் கொடுத்தால் போதும் என்று அண்ணனிடம் கேட்டுப் பெற்றான். அதிலும் பாதியை மிச்சப்படுத்தி நூல் வாங்கினான்.

ஜான் காலின்ஸ் என்றொரு தோழன். அவனும் ஏடு தேடி அலைபவன். பெண்களுக்குக் கல்வி தகுமா? தகாது, அவர்களுக்கு இயற்கையிலேயே ஆற்றல் குறைவு என்றான் காலின்ஸ். தகும் என்றான் பிராங்க்ளின். வாதச் சுவைக்காகவும் ஓரளவு அப்பக்கம் நின்றதாக அவரே பின்னாளில் எழுதினார். மடல்கள் பறந்தன. அவற்றைக் கண்ட தந்தை, மகனின் நடையிலே தெளிவும் ஒழுங்கும் போதா என்றார். மகன் சினந்தானா? இல்லை, நல்ல உரைநடையைப் படித்து, அதன் கருத்தைக் குறித்து, சில நாள் கழித்துத் தன் சொற்களில் எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தப் பழகினான்.

பிலடெல்பியாவிலே 1727-இல் நண்பர் குழு ஒன்றை அமைத்தார். அவரவர் நூல்களை ஓரறையிலே சேர்த்தனர். பேணுவார் இல்லை, ஓராண்டுக்குப்பின் அவரவர் ஏடு அவரவர் வீட்டுக்கே திரும்பியது. நல்லெண்ணம் இருந்தது, ஏற்பாடு இல்லை! 1731-இல் ஏற்பாடு வந்தது: ஐம்பது பேர், தலைக்கு நாற்பது ஷில்லிங், பின்னர் ஆண்டுக்குப் பத்து ஷில்லிங். பிறந்தது சந்தா நூலகம்.

அந்நூலகத்துக்கு இலண்டனிலிருந்து உதவிவந்த பீட்டர் காலின்சன் அனுப்பிய கண்ணாடிக் குழாயே பிராங்க்ளினின் மின்சார ஆய்வுக்குத் துணையாயிற்று. இடி ஆண்டவன் சீற்றமென அஞ்சிய உலகுக்கு, 1750-களிலே இடிதாங்கி கிடைத்தது!

தோழர்களே! அலமாரியிலே பூட்டிய ஏடு ஒருவனுக்கும் ஒளி தராது. தோழனிடம் தருவோம், அவனோடு வாதிடுவோம். தெருவுக்கொரு படிப்பகம் காண்போம். கண்டபின், அதைப் பேணும் பொறுப்பையும் ஏற்போம்!