பொன்முடியும் செம்பட்டையும்

ஒரே நிறம், இரண்டு பெயர்!

சிவகங்கைச் சீமையின் வறண்ட காட்டிலே, உச்சி வெயிலில் ஆடு மேய்த்திடும் ஏழைச் சிறுமியின் தலையிலே அந்த நிறம் இருந்தால், அதற்குப் பெயர் செம்பட்டை. "எண்ணெய் காணாத தலை" என்று ஏளனம் பேசுவர். பெண் பார்க்க வந்தவர் முகஞ் சுளிப்பர். பள்ளிக்கூடத்திலே உடன் பயிலும் பிள்ளைகள் பட்டப்பெயர் சூட்டி அழைப்பர். அதே நிறம், காரைக்குடி நகரத்து அழகு நிலையத்திலே, பணத்தைக் கொட்டிக் கொடுத்த சீமாட்டியின் கூந்தலிலே ஏறினால், அதற்குப் பெயர் பொன்னிறம்! அது நாகரிகம், அது அழகு, அது மேனாட்டுப் பாணி!

நிறம் மாறவில்லை, தோழர்களே! தலைதான் மாறிற்று. ஏழையின் தலையில் இழிவு. செல்வரின் தலையில் சிறப்பு. இந்த விந்தை எப்படி விளைந்தது? மயிரின் நிறத்திலே மானத்தையும் அவமானத்தையும் எழுதி வைத்தவர் யார்? வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

தமிழர் கண்ட கூந்தல் கருங்கூந்தல். கார்மேகத்தையும் ஆற்றின் அறல் மணலையும் அதற்கு உவமை கூறினர் புலவர்; ஐந்து வகையாய் முடிக்கப்படுவது என்பதால் 'ஐம்பால்' என்றே பெயரிட்டனர். அழகை அழகென்று பாடியதிலே குற்றம் இல்லை. ஆனால் பாடிப் பாடிப் பழகியது, பையப் பையச் சட்டமாகிவிட்டது. கருங்கூந்தலே கூந்தல், மற்றது குறை என்றாயிற்று.

கூந்தலைப் பற்றித் தமிழ்நாட்டிலே நடந்ததாகக் கூறப்படும் மிகப் பெரிய வழக்கு எது? காரைக்குடியிலிருந்து நெடுந்தொலைவில் இல்லாத மதுரையிலே, பாண்டியன் அவையிலே நடந்ததாகத் திருவிளையாடற் புராணம் கூறுகிறது. பெண்ணின் கூந்தலுக்கு மணம் இயற்கையா, செயற்கையா? அரசனுக்கு ஐயம். ஐயம் தீர்ப்பவருக்கு ஆயிரம் பொன் பரிசு! தருமி பாட்டுடன் வருகிறான். நக்கீரர் குற்றம் காண்கிறார். பாட்டெழுதிக் கொடுத்த கடவுளே நேரில் வந்து நெற்றிக் கண்ணைத் திறக்கிறார். புலவரோ பணிய மறுக்கிறார். அதிகாரத்தின் முன் அஞ்சாத அந்த நெஞ்சுரத்தை நாமும் பாராட்டுகிறோம். ஆயினும் ஒன்றைக் கேட்க வேண்டாமா? அரசன் பேசினான், புலவர் பேசினார், ஆண்டவனும் பேசினான். கூந்தலுக்கு உடையவள் எங்கே? அரசியை ஒரு சொல் கேட்டிருந்தால், ஒரு நொடியிலே முடிந்திருக்கும் வழக்கு! கேட்கத் தோன்றவில்லை எவருக்கும். பெண்ணின் தலையிலே விளைவது அவள் உடைமையன்று, ஆடவர் மன்றத்தின் ஆய்வுப்பொருள் என்ற எண்ணம் அந்தக் கதையின் உள்ளே ஒளிந்து கிடக்கிறது.

வடவர் தந்த மனுநூலோ ஒளிந்து பேசவில்லை. வெளிப்படையாகவே விதி வகுத்தது. மூன்றாம் அத்தியாயத்திலே எட்டாம் சுலோகம், எவளை மணத்தல் ஆகாது என்று பட்டியல் போடுகிறது. அந்தப் பட்டியலின் தலைப்பிலே நிற்பவள் 'கபிலை', செம்பட்டை நிறத்தவள். அந்தச் சொல் அவளது மயிரின் நிறத்தைக் குறிப்பது என்று உரை கண்டனர். நோயாளியோடும், வாயாடியோடும், உறுப்பு மிகுந்தவளோடும் அவளையும் சேர்த்து விலக்கி வைத்தார் மனு. பொன்னிற முடியே ஆரியரின் பெருமைக்கு அடையாளம் என்று ஐரோப்பாவிலே ஒரு கூட்டம் பிற்காலத்தில் முழங்கிற்று. ஆரியரின் அறநூலோ, செம்பொன் முடியாளை மணவாதே என்கிறது! எதை நம்புவது? இரண்டையும் நம்ப வேண்டியதில்லை என்பதே பகுத்தறிவின் விடை.

நம் பக்கத்துக் குறையையும் மறைத்திடல் ஆகாது. கணவனை இழந்தவள் கூந்தலைக் களைந்த கொடுமை புறநானூற்றிலேயே காணப்படுகிறது. பிற்காலத்தில் பார்ப்பனக் குடும்பங்களிலே கைம்பெண்ணின் தலையை மழித்தல் கட்டாய வழக்கமாயிற்று. மழிக்காத குலத்தினரும் பூவைப் பறித்தனர், பொட்டை அழித்தனர். பெண்ணின் தலை அவளுடையது அல்ல என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

இனி, மேலை நாட்டைப் பார்ப்போம். பொன்முடி அங்கே பிறவிச் சொத்து. ஆகவே மதிப்போடு இருந்தது என்று எண்ணுவீர்களாயின், ஏமாற்றமே மிஞ்சும்.

ரோமாபுரியின் சீமாட்டிகள், போரிலே தோற்ற ஜெர்மானிய இனத்தாரின் மஞ்சள் முடியைத் தம் தலையிலே பொய்முடியாய்ச் சூடினர். சாயமேற்றிச் சாயமேற்றித் தன் முடியைப் பறிகொடுத்த ஒருத்தியைப் பார்த்து, இனி ஜெர்மானியச் சிறைப்பெண்ணின் முடிதான் உனக்குத் துணை என்று பாடினான் ஓவிட் என்னும் கவிஞன். அதே ரோமிலே, பேரரசி மெசலினா விலைமகளிர் விடுதிக்கு இரவிலே செல்லுகையில், தன் கருங்கூந்தலை மஞ்சள் பொய்முடியால் மறைத்தாள் என்று ஜுவெனல் என்னும் கவிஞன் இகழ்ந்தான். சீமாட்டிக்கும் மஞ்சள் முடி. விலைமகளுக்கும் மஞ்சள் முடி. அடிமையாய்ப் பிடிபட்டவளுக்கோ அது பிறவி முடி! அவள் தலையிலே இருந்தவரை அது காட்டுமிராண்டியின் அடையாளம். வெட்டி எடுத்து வென்றவள் தலையிலே வைத்ததும் அணிகலன்.

பதினாறாம் நூற்றாண்டிலே வெனிஸ் நகரத்துப் பெண்கள், வீட்டு மாடியிலே மரப்பரண் கட்டி, உச்சியில்லாத விளிம்புத் தொப்பி அணிந்து, முடியை வெளியே விரித்து, மருந்து நீர் தடவி, வெயிலிலே வெந்தனர். 1590-இல் வெளியான செசாரே வெசெல்லியோவின் ஆடை நூலிலே அந்தக் காட்சி படமாகவே இருக்கிறது. சிவகங்கைச் சிறுமிக்கு வெயில் இலவசமாய்க் கொடுத்த நிறத்தை, வெனிஸ் சீமாட்டி தவங்கிடந்து பெற்றாள்!

1818-இல் தெனார் என்னும் பிரெஞ்சு வேதியியலார் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கண்டறிந்தார். 1867-இல் பாரிஸ் பொருட்காட்சியிலே அது முடியை வெளுக்கும் மருந்தாகக் காட்டப்பட்டது. வெயிலில் வேகும் வேலை தீர்ந்தது. புட்டியிலே அடைபட்டது பொன்னிறம். 1931-இல் ஜீன் ஹார்லோ நடித்த 'பிளாட்டினம் பிளாண்ட்' படம் வெளிவந்தது. வெளுத்த முடி வெறியாயிற்று. 1953-இல் 'ஜென்டில்மென் பிரிஃபர் பிளாண்ட்ஸ்' படத்திலே உலகை மயக்கிய மர்லின் மன்றோவின் பிறவி முடி பழுப்பு நிறம்! ஆடவர் விரும்புவது பொன்முடி என்று படத்தின் பெயரே பறைசாற்றிற்று. அதே வாயால், பொன்முடியாளுக்கு மூளை இல்லை என்று கேலிக் கதைகளும் கட்டினர். விரும்பவும் வேண்டும், இகழவும் வேண்டும். இரண்டுக்கும் இலக்கு பெண்!

கேலியோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். நிற்கவில்லை. இட்லரின் ஜெர்மனியிலே பொன்முடியும் நீலக் கண்ணும் உயர்ந்த இனத்தின் முத்திரைகளாயின. 1935-இல் 'லேபன்ஸ்போர்ன்' என்ற அமைப்பை ஏற்படுத்தினர், 'தூய' குழந்தைகளைப் பெருக்க. போர் மூண்டபின், போலந்து நாட்டிலே பொன்முடிக் குழந்தைகளைத் தாயின் மடியிலிருந்து பறித்து, ஜெர்மானியராய் வளர்க்கக் கொண்டு சென்றனர். மயிரின் நிறத்தை வைத்து மனிதனை மதிப்பிடத் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிட இரத்தக்கறை படிந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

அறிவியல் என்ன கூறுகிறது? முடியின் நிறம் மெலனின் என்னும் பொருளால் அமைவது. கருமைக்கு ஒரு வகை. செம்மைக்கு ஒரு வகை. இரண்டின் அளவும் கலப்புமே கருப்பு, பழுப்பு, சிவப்பு, பொன் எனக் காட்சி தருகின்றன. தெய்வத்தின் அருளும் இல்லை, தோஷமும் இல்லை. பசிபிக் கடலிலே சாலமன் தீவுகள் உள்ளன. அங்கு வாழ்வோர் நம்மினும் கருத்த மேனியர். ஆயினும், நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குப் பிறவியிலேயே பொன்னிற முடி! வெள்ளையர் கலப்பால் வந்தது என்று பேசி வந்தனர் பலர். 2012-இல் ஆராய்ச்சியாளர் உண்மையைக் கண்டறிந்து வெளியிட்டனர்: ஐரோப்பியரிடம் இல்லாத தனியொரு மரபணு மாற்றமே அதற்குக் காரணம். பொன்முடி வெள்ளையனின் தனிச்சொத்து என்ற கட்டுக்கதை, கருமேனிக் குழந்தைகளின் தலையிலே கலைந்து போயிற்று.

நம் ஊர்ச் செம்பட்டைக்கு வருவோம். சிலருக்கு அது பிறவி. சிலருக்கு வெயிலும் புழுதியும் தந்தது. இன்னும் சிலருக்கு? பசி தந்தது! ஆம், தோழர்களே! சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவ மாது, ஆப்பிரிக்காவின் பொற்கரை நாட்டிலே பணியாற்றியபோது, குழந்தைகளின் உடல் வீங்கி, தோல் உரிந்து, முடி செம்மை படர்ந்து மெலிந்திடும் நோயை ஆராய்ந்து 1933-இல் எழுதினார். 1935-இல் அதன் பெயரையும் உலகறியச் செய்தார்: குவாஷியோர்க்கர். அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பால் இழந்த மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அந்நாட்டுத் தாய்மார் அப்பெயருக்குத் தந்த பொருள். புரதம் போதாத பட்டினி அது. உணவு கிடைத்த நாளில் வளர்ந்த முடி கருத்தும், கிடைக்காத நாளில் வளர்ந்த முடி வெளுத்தும், ஒரே இழையிலே பட்டை பட்டையாய்த் தெரிவதுண்டு. கொடியின் கோடுகள் போல் இருப்பதால் 'கொடி அடையாளம்' என்கின்றனர் மருத்துவர். ஏழைக் குழந்தை தின்ற நாளும் பட்டினி கிடந்த நாளும் அதன் தலையிலேயே நாட்குறிப்பாய் எழுதப்பட்டிருக்கின்றன! அதைப் படித்துக் கண்ணீர் விட வேண்டிய சமூகம், "செம்பட்டை" என்று சிரித்தது.

சிரிக்காமல் சிந்தித்தவர்களும் இருந்தனர். 1920-இல் நீதிக்கட்சியினர் சென்னை மாநகராட்சியிலே, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியிலே பிள்ளைகளுக்கு உணவளித்தனர். 1956-இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தை நாடெங்கும் விரித்தார். 1982-இல் அது சத்துணவாயிற்று. 1989-இல் முட்டை சேர்ந்தது. 2022-இல் காலை உணவும் வந்தது. செம்பட்டைக்குப் பரிகாரம் கோயிலில் இல்லை, தட்டில் இருக்கிறது!

கோயில் என்றதும் நினைவுக்கு வருவது மற்றொரு வேடிக்கை. செட்டிநாட்டு நகரத்தார் தைப்பூசத்துக்குக் காவடி சுமந்து பழனிக்கு நடந்து செல்வது பல தலைமுறை வழக்கம். அந்தப் பழனியிலும், திருத்தணியிலும், திருப்பதியிலும் பக்தர்கள் முடி இறக்குகின்றனர். இறக்கிய முடி எங்கே போகிறது? ஆண்டவன் சூடிக் கொள்வதில்லை. ஏலத்திலே போகிறது, கப்பலேறுகிறது. கருமை வெளுத்து நீக்கப்பட்டு, பொன்னிறம் ஏற்றப்பட்டு, மேனாட்டுச் சீமாட்டியின் பொய்முடியாகிறது. 2004-இல் யூத மதகுருமார், இது சிலை வணக்கத்துக்குப் படைத்த முடி, தீட்டு என்று கூற, நியூயார்க்கிலே அந்தப் பொய்முடிகளைத் தெருவிலே போட்டுக் கொளுத்தினர். இங்கே புண்ணியம், இடையிலே வாணிபம், அங்கே தீட்டு! ஒரே முடிதான். கொடுத்த ஏழைப் பெண்ணுக்குக் கிடைத்தது மொட்டைத் தலையும் சந்தனமும்.

செட்டிநாடு மடமையை மட்டும் வளர்த்த மண் அன்று. கணவன்மார் பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடை நடத்த, மாளிகைகளிலே காத்திருந்த மங்கையர் எத்தனை பேர்! கடல் கடந்தவன் மாண்டால், இளம் வயதிலேயே வெள்ளைச் சேலையும் பூவற்ற தலையும். அந்தக் கொடுமையை எதிர்த்துக் காரைக்குடியிலிருந்தே குரல் எழுந்தது. 'குமரன்' ஏட்டை நடத்திய சொ. முருகப்பா, தம் துணைவியார் மரகதவல்லியாரோடு சேர்ந்து 1930-களில் கைம்பெண் மறுமண இயக்கம் கண்டார். 1936-இல் 'மாதர் மறுமணம்' என்றே பெயரிட்டு ஒரு மாத ஏடு அங்கிருந்து வெளிவந்தது. பூவற்ற தலைக்குப் பூச்சூடும் உரிமை கேட்ட ஏடு அது. பெரியாரோ இன்னும் ஒரு படி மேலே சென்று, பெண்கள் கூந்தலைக் கத்தரித்துக் கொள்ளட்டும், சீவிச் சிங்காரிக்கும் நேரத்தைச் சிந்திக்கச் செலவிடட்டும் என்றார். ஊர் திகைத்தது. திகைத்தவர் எவரும், கைம்பெண்ணின் தலையை மழித்தபோது திகைக்கவில்லை!

அதே காரைக்குடியிலே, வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்ச ரூபாயும் வழங்க, 1948-இல் கால்கோள் நடந்து, 1953-இல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. வேதியியலுக்குக் கோட்டம் எழுப்பிய ஊரிலே, செம்பட்டை முடியாள் குடும்பத்துக்கு ஆகாதவள் என்று இன்னும் ஒரு கிழவர் பேசினால், அந்தப் பேச்சைக் கேட்டு ஓர் இளைஞன் தலையாட்டினால், அது நகைப்புக்குரியதா, வெட்கத்துக்குரியதா?

அப்படியானால் சாயம் பூசுவது குற்றமா என்று கேட்பீர்கள். இல்லை! விரும்பியவள் பொன்னிறம் பூசட்டும். விரும்பியவள் கருமை பூசட்டும். விரும்பியவள் நரையோடு நடக்கட்டும். ஒவ்வாமை உண்டாக்கும் மருந்துகள் சாயத்திலே உள்ளன. முதலில் சிறிதளவு தோலில் தடவிச் சோதித்திடல் அறிவுடைமை. குற்றம் சாயத்திலே இல்லை, கட்டாயத்திலே இருக்கிறது. மேனாட்டாள் பொன்னிறம் பூசுவதும், நம் வீட்டாள் நாற்பது வயதிலே நரைக்கு அஞ்சிக் கருமை பூசுவதும், பல வேளை ஒரே அச்சத்தின் இரு நிறங்களே. ஆணின் நரைக்கு அனுபவம் என்று பெயர். பெண்ணின் நரைக்கு மட்டும் முதுமை என்று பெயர். அந்த அகராதியை எழுதியவன் எவன்?

ஆகவே இளைஞர்களே, இனி உங்கள் வீட்டிலே பெண் பார்க்கும் படலம் நடந்து, "பெண் செம்பட்டை" என்று எவரேனும் வாய் திறந்தால், திருப்பிக் கேளுங்கள். பிறவியா? அவள் குற்றமன்று. வெயிலா? அவள் உழைப்பின் முத்திரை. பசியா? அது நம் குற்றம்!

மயிரின் நிறத்தைப் பார்த்தது போதும். அதன் கீழே இருக்கும் மூளையைப் பாருங்கள். அவள் தட்டிலே சோறு இருக்கிறதா என்று பாருங்கள். பொன்முடி என்றும் செம்பட்டை என்றும் பிரித்துப் பேசும் நாக்கு அடங்கும் நாளே, பெண்ணின் தலை பெண்ணுக்குச் சொந்தமாகும் நாள்!