நாஞ்சில் மலையும் தீக்காவலும்

கும்பப்பூ அறுவடை நடக்கும் மாசி, பங்குனி மாதங்களே தோவாளைத் தாலுகாவுக்கு வடக்கே எழுந்து நிற்கும் மலைகளில் தீப் பற்றும் மாதங்களும் ஆகும். களத்தில் சூடடித்துக்கொண்டிருக்கும் குடியானவன் சற்றுத் தலை நிமிர்ந்தால், பகலில் புகையாகவும் இரவில் சரிவின் குறுக்கே நீண்டதொரு செங்கோடாகவும் அத்தீ அவன் கண்ணிற் படும். அது தன் வயலுக்குச் சம்பந்தமற்ற ஏதோ ஒரு தூரத்துச் சம்பவம் என்று அவன் எண்ணிவிட முடியாது. நாஞ்சில் நாட்டை வளர்க்கும் பழையாறு சுருளோட்டுப் பக்கத்து மலையடிவாரத்தில் பிறந்து வருவது. 1906ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையில் தேங்குவதும் மலைக்காட்டில் பெய்து, சருகிலும் வேரிலும் ஊறி, மெல்லக் கசிந்து இறங்கும் நீரே. மேலே சருகும் இளங்கன்றும் எரிந்து மண் வெறுமையாகுமானால், முதல் மழையிலேயே அம்மண் கரைந்து குளங்களில் வந்து படியும். பிறகு வர வேண்டிய ஊற்று நீரோ வருவதில்லை. ஆகவே மலைத்தீயை யார் காவல் செய்தார்கள், எந்த உரிமையைக் கொண்டு செய்தார்கள், அந்தக் காவல் எப்போது தளர்ந்தது என்பன நாஞ்சில் நாட்டு வேளாண்மைச் சரித்திரத்திலேயே ஒரு பகுதியாக வைத்து ஆராயத்தக்கவை.

இப்பிரதேசத்தின் மலைகள் யாவும் ஒரே தன்மையின அல்ல. களியல், குலசேகரம் பக்கத்து மேற்குச் சரிவுகள் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் பெற்றுப் பசுமை குன்றாமல் நிற்பவை. அங்குள்ள நெருங்கிய சோலைக்குள் தீ எளிதில் நுழைவதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயை அடுத்த கிழக்குச் சரிவுகளின் நிலை வேறு. மேற்கே மழையைக் கொட்டிவிட்டு ஈரம் இழந்த காற்று, மலை தாழ்ந்த அந்த வாயிலின் வழியே ஆனி, ஆடி மாதங்களில் ஓயாது வீசுகிறது; முப்பந்தலில் காற்றாலைகள் நூற்றுக்கணக்கில் நிற்பதற்குக் காரணமான அதே காற்றுதான் முட்புதரையும் மலைப்புல்லையும் உலர்த்தி, விழுந்த ஒரு பொறியைச் சிறிது நேரத்தில் ஒரு குன்றின் உச்சி வரை ஏற்றிவிடுகிறது. தீ பள்ளத்தை நோக்கி மெல்லவும் மேட்டை நோக்கி விரைவாகவும் செல்லும் இயல்புடையது. தன் வெப்பத்தாலேயே மேலே உள்ள புல்லை முன்கூட்டிக் காய்ச்சிக்கொண்டு ஏறுவது. அடிவாரத்து ஊரில் ஒருவர் அலட்சியமாக விட்ட தீ மலையின் தலையில் போய் முடிவதும், மலையில் இருப்பவர் அதற்குத் தப்ப வழியின்றித் திகைப்பதும் இக்காரணத்தால்தான்.

ஆதியில் இம்மலைகளில் தீ ஒரு பகையாகக் கருதப்படவில்லை. குறிஞ்சி நிலத்து மாந்தர் காட்டை வெட்டிச் சுட்டுத் தினை விதைத்ததைச் சங்கப் பாடல்கள் பல இடங்களில் காட்டுகின்றன. வள்ளி தினைப்புனம் காத்த மலை என்று நாஞ்சில் நாட்டார் போற்றும் வேளிமலையின் அடியில், குமாரகோயிலில் ஆண்டுதோறும் பங்குனியில் நடக்கும் வள்ளி திருக்கல்யாணமும், அதையொட்டிக் குறவர்கள் முருகனோடு போரிடும் படுகள நிகழ்ச்சியும், புனமும் காவலும் இந்நாட்டு நினைவில் எவ்வளவு ஆழமாகப் பதிந்துள்ளன என்பதற்குச் சான்றாகும்.

அப்புன வேளாண்மையை அண்மைக் காலம் வரை நடத்தி வந்தவர் இம்மலைக் குடிகளான காணிக்காரர். ஒரு நிலத்தைத் தெரிந்து வெட்டி, காய விட்டு, மழைக்கு முன் தீயிட்டு, சாம்பல் உரத்தில் மலைநெல்லும் பிற தானியங்களும் விதைத்து, ஓரிரு ஆண்டுகளில் அந்நிலத்தைக் காட்டிற்கே மீட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்த அவர்களுடைய முறையை ‘காட்டை அழிக்கும் அநாகரிகம்’ என்று முற்கால அதிகாரிகள் பலர் எழுதி வைத்தனர். ஆனால், தீயையே கருவியாகக் கொண்டு ஜீவனம் நடத்துபவர்க்குத் தீயின் எல்லையை அறிவதே முதல் வித்தையாக இருந்திருக்க வேண்டும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. புனத்தைச் சுற்றிச் சருகை வழித்து, காற்றின் திசை பார்த்துத் தீ வைக்காதவன் தன் குடிலையும் அடுத்த ஆண்டுக்குரிய காட்டையும் சேர்த்தே இழப்பான். காணிக்காரர் சமூகத்திலே மூட்டுக்காணி என்ற தலைவரும், அவர் சொல்லை வீடு வீடாகக் கொண்டு சென்று ஆட்களைக் கூட்டும் விளிகாணியும், தெய்வ காரியமும் வைத்தியமும் பார்க்கும் பிலாத்தியும் உண்டு. எந்த நிலத்தில் எவர் புனம் செய்வது என்பது முதலான பொது விஷயங்களைத் தீர்மானிக்கவும், தீர்மானித்தபடி நடத்தவும் கூடிய ஓர் ஏற்பாடு, சர்க்கார் வனக்காவலர் என்ற பெயர் தோன்றும் முன்பே அம்மலையில் இருந்ததென்பது மறுக்கவொண்ணாதது.

அடிவாரத்து வேளாளருக்கும் ஏனைய குடிகளுக்கும் மலையோடிருந்த உறவு இன்னொரு விதமானது. வயலில் மிதித்து உரமாக்கும் குழையும், அடுப்புக்கு விறகும், ஏருக்கும் கூரைக்கும் வேண்டிய மரமும் அங்கிருந்தே வந்தன. பயிர் நிற்கும் காலத்தில் மேயும் நிலமற்ற மாடுகளும் மலைச்சரிவையே நாடின. பனையோலையும் தென்னையோலையும் கூரையாக இருந்த அந்நாளில் காற்றில் வரும் ஒரு பொறி ஒரு தெருவையே எரித்துவிடும் ஆகையால், மலைத்தீ என்பது நேரே வீட்டைப் பற்றிய அச்சமாகவும் இருந்தது. ஊர்கள் சேர்ந்து பிடாகையாகவும், பிடாகைகள் சேர்ந்து நாடாகவும் அமைந்த அச்சமூகத்தில் கூட்டு முடிவு என்பது புதிதன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாஞ்சில் நாட்டார் பல முறை ஒன்றுகூடி, அளவு மீறிய வரியைக் கொடுப்பதில்லை என்று தீர்மானித்த வரலாற்றை அழகியபாண்டிபுரத்துப் பெரியவீட்டு முதலியார் ஓலைகள் நமக்குத் தெரிவிக்கின்றன. அவ்வோலைகளின் அருமையை ஆராய்ச்சி உலகுக்கு உணர்த்தியவர்களுள் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை முதன்மையானவர். குளத்து மடையைத் திறப்பதும் அடைப்பதும், கால்வாயில் மண் வாருவதும் ஊர் கூடிச் செய்த காரியங்களே. இத்தகைய மக்களிடம் காவலைக் கேட்டுப் பெறுவதற்குத் தடை யாதொன்றும் இருந்திருக்க முடியாது. கேட்பாரில்லாமற் போனதுதான் பிற்காலத்துச் சோகம்.

திருவிதாங்கூர் சர்க்காரின் கண்ணுக்கு மலை முதலில் மரக் களஞ்சியமாகவே தோன்றிற்று. தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் முதலியவை இராஜ விருட்சங்கள் எனப்பட்டு, எவர் நிலத்தில் நின்றாலும் அரசுக்கே உரியவை என்று வைக்கப்பட்டன. 1820ஐ ஒட்டி வனங்களுக்கென ஒரு கன்சர்வேட்டரும் நியமிக்கப்பட்டார். 1860களில் அசம்பு மலையில் ஐரோப்பியத் துரைமார்கள் காப்பித் தோட்டம் போடத் தொடங்கினர். காப்பி வைக்க முதலில் காட்டை வெட்டி வீழ்த்தி ஒரேயடியாகத் தீ வைக்க வேண்டும். ஒரு காணிக்குடும்பம் தன் ஆயுளெல்லாம் புனம் செய்து எரித்ததைக் காட்டிலும் மிகுதியான காட்டை ஒரு தோட்டக்காரர் ஒரே கோடையில் எரித்திருப்பார். 1870களில் இலைநோய் பரவித் தென்னிந்தியக் காப்பித் தோட்டங்கள் நலிந்தபோது, கைவிடப்பட்ட வெளிகளில் புல்லும் புதருமே மண்டின. சோலை நின்றவரை தீ நுழையாதிருந்த இடங்கள் அதன் பிறகே ஆண்டுதோறும் எரியக்கூடிய இடங்களாயின. இதையெல்லாம் விடுத்து, காட்டுத்தீக்குக் காணிக்காரனையும் மாடு மேய்ப்பவனையும் மட்டுமே பொறுப்பாக்கியது நியாயமன்று என்பது என் துணிபு.

1893இல், அதாவது கொல்லம் 1068ஆம் ஆண்டு, புதியதொரு வனச்சட்டம் வந்தது. காடுகள் ஒவ்வொன்றாக எல்லை கட்டப்பட்டு ரிசர்வ் ஆயின. அக்காலத்துக் கன்சர்வேட்டராக விளங்கிய போர்டில்லன் என்பவர் உண்மையிலேயே மலையை நடந்து அறிந்தவர். திருவிதாங்கூர்க் காடுகளைப் பற்றி விரிவான அறிக்கையும், 1908இல் இங்குள்ள மரங்களைப் பற்றி ஒரு சிறந்த நூலும் எழுதியவர். ரிசர்வுக் காட்டில் தீ வைப்பது குற்றம் என்றாயிற்று. ஆனால் மக்கள் தீ வைத்ததற்கு வலுவான காரணங்கள் இருந்தன. இஞ்சிப்புல்லிலிருந்து தைலம் வடிப்போர் கோடையில் பழம்புல்லை எரித்து, மழைக்குப் பின் துளிர்ப்பதை அறுத்தனர். மாட்டுக்காரர் இளம்புல் வேண்டி எரித்தனர். தேனெடுப்போர் தீப்பந்தம் பிடித்தனர். இவர்களுக்கு வேறொரு வழியைக் காட்டாமல் தண்டனையை மட்டும் காட்டிய சட்டம் அவர்களை அச்சத்தால் விலகச் செய்ததேயன்றி, அணைக்க வரச் செய்யவில்லை. எரிகிற இடத்தருகே காணப்பட்டால் தன்மீதே வழக்கு வரும் என்று அஞ்சுபவன், தீயைக் கண்டும் காணாதவன்போல் வீடு திரும்புவான் அல்லவா?

இது திருவிதாங்கூருக்கு மட்டும் நேர்ந்த கதி அன்று. இந்தியாவில் முறையான தீத்தடுப்பு 1864ஐ ஒட்டி மத்திய மாகாணத்துப் போரி வனத்தில் கர்னல் பியர்சனால் தொடங்கப்பட்டது. அதன் வெற்றியைப் பார்த்து ஏனைய மாகாணங்களும் பின்பற்றின. ஆயின் இமயமலைச் சாரலிலுள்ள குமாவுன் பிரதேசத்தில் ரிசர்வுச் சட்டங்கள் மேய்ச்சலையும் விறகையும் கட்டுப்படுத்திய பின், 1921ஆம் ஆண்டுக் கோடையில் மக்களே சர்க்கார் பைன் காடுகளுக்குத் தீ வைத்தார்கள். அந்தப் பேரெரிப்பு கற்பித்த பாடத்தை அன்றைய அரசு ஒருவாறு உணர்ந்தது. குறை கேட்கக் குழு ஒன்று அமைந்து, 1931இல் வனப் பஞ்சாயத்து விதிகள் பிறந்தன. ஓர் ஊர் தன் காட்டைத் தானே நிர்வகிக்கலாம், அதன் பயனைத் தானே பங்கிடலாம் என்று வந்ததும், தீ வைத்த கைகளே தீக் காக்கும் கைகளாயின. காட்டின் பயனில் பங்குள்ளவனே அதன் காவலிலும் பங்கேற்பான் என்ற உண்மைக்கு இதனினும் தெளிவான உதாரணம் இந்நாட்டு வனச் சரித்திரத்தில் இல்லை.

1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபின், மலையடிவாரத்தின் தோற்றமே மாறியது. ரப்பர் பெருகிற்று, 1984இல் அரசு ரப்பர் கழகம் ஏற்பட்டது, கீரிப்பாறை, கோதையாறு போன்ற இடங்களில் தொழிலாளர் குடியிருப்புகள் காட்டின் மடியிலேயே அமைந்தன. ரப்பர் மரம் மார்கழி முதல் மாசி வரை இலை உதிர்ப்பது. மலை உலரும் அதே வேளையில் தோட்டமும் சருகு மெத்தையாகிறது. தோட்டக்காரர் எல்லையோரச் சருகை வாரித் தீத்தடுப்புக் கோடு வெட்டுவது தம் மரத்துக்காகச் செய்யும் காரியமாயினும், காட்டுக்கும் வீட்டுக்கும் அதுவே காப்பு. ஏறத்தாழ 402 சதுர கிலோமீட்டர் இன்று வனவிலங்குச் சரணாலயமாக இருக்கும் இம்மாவட்டத்தில் காடும் மனித வாசமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே நிற்கின்றன. 2018 மார்ச் மாதம் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் இருபதுக்கும் மேற்பட்டோர் தீயில் மாண்ட துயரம், உலர்ந்த புல்மலையில் தீ எத்துணை விரைவாக ஏறும் என்பதைத் தமிழ்நாடு முழுவதும் அறியச் செய்தது. அதன்பின் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. விதிகள் வேண்டுவனவே, ஆனால் அவை பெரும்பாலும் வெளியிலிருந்து வருவோரைப் பற்றியவை, அடிவாரத்தில் வாழ்வோரை உடன் சேர்ப்பவை அல்ல.

அவ்வாறு சேர்க்கும் முயற்சி, நமது மலையின் மறுபக்கத்திலேயே ஒரு முறை கருத்தோடு நடந்திருக்கிறது. 1988இல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் எல்லையோரத்தில், 1990களின் நடுவே உலக வங்கியின் உதவியோடு நூற்றுக்கு மேற்பட்ட ஊர்களில் கிராம வனக்குழுக்கள் அமைக்கப்பட்டன. விறகு வெட்டி வாழ்ந்தவர்க்குக் குழுவின் சுழல்நிதியிலிருந்து கடன் கிடைத்தது. அதைக்கொண்டு ஆடோ மாடோ கடையோ வைத்துக்கொண்டனர். விறகடுப்புக்குப் பதிலாகச் சாண எரிவாயு முதலிய மாற்றங்களும் வந்தன. கடனைத் தருவதும் திரும்பப் பெறுவதும் ஊராரே என்பதால் வனத்துறைக்கும் ஊருக்கும் இடையே பகை தணிந்தது. காட்டுக்குள் விறகுக்குச் செல்வோர் குறையவே தீ மூளும் வாய்ப்பும் குறைந்தது. 1997இல் தொடங்கிய தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் இதே குழு முறையை மாநிலம் எங்கும் கொண்டு சென்றது. பணம் வந்தவரை உயிரோடிருந்து, திட்டம் முடிந்தபின் ஏட்டில் மட்டும் தங்கிவிட்ட குழுக்களும் பல உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டையும் நீர்ப்பிடிப்பையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கே அளித்தது. இச்சட்டம் வந்த பிறகு காவலை ஊரிடம் ஒப்படைப்பதற்குச் சட்டத் தடை என்று சொல்ல இடமில்லை.

இன்று இந்திய வன அளவீட்டு நிறுவனம் செயற்கைக்கோள் வழியே எரியும் இடத்தைக் கண்டு வனத்துறையினரின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்புகிறது. அது பெரும் சகாயம்தான். எனினும் செய்தி வந்து சேர்ந்தபின் பச்சைக் குழையைக் கையிலேந்தி அச்சரிவில் ஏறித் தீயை அடித்து அணைக்க வேண்டியவர் மனிதரே. அம்மலையின் ஒற்றையடிப் பாதைகளையும் காற்று திரும்பும் மூலைகளையும் அறிந்தவர் காணிக்காரரும் அடிவாரத்து ஊராருமே.

ஆதலால் தெரிசனங்கோப்பு, தடிக்காரன்கோணம், கடுக்கரை, ஆரல்வாய்மொழி முதலிய மலையோர ஊர்களின் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். தைப்பொங்கல் கழிந்ததும், மலை முற்றும் உலரும் முன்பே, வனத்துறையினரையும் காணிக்குடிகளின் மூட்டுக்காணிகளையும் தோட்டக்காரர்களையும் ஒரே இடத்தில் கூட்டிக் கிராம சபை நடத்துங்கள். தீத்தடுப்புக் கோடு வெட்டும் வேலையும் கூலியும் உள்ளூராருக்கே கிடைக்குமாறு அச்சபையில் கேளுங்கள். தீயைக் கண்டு முதலில் சொல்பவன்மீது வழக்கு வராது என்ற உறுதியை அதிகாரிகளிடம் எழுத்தில் பெறுங்கள். வீட்டைச் சுற்றிய சருகை வாரிக் குழியிலிட்டு உரமாக்குங்கள். வரப்புக்கும் குப்பைக்கும் தீ வைக்கும் வழக்கத்தைச் சித்திரை மழை வரும்வரை நிறுத்தி வையுங்கள்.