இந்திய வெளியுறவுப் பணியில் பெண்கள்

இந்திய வெளியுறவுப் பணி (ஐ.எஃப்.எஸ்.) என்பது பிற நாடுகளுடனும் பன்னாட்டு அமைப்புகளுடனும் இந்தியா கொண்டுள்ள உறவுகளை நடத்திச் செல்லும் நடுவண் அரசுப் பணியாகும். 1949 ஆம் ஆண்டில் இப்பணியில் சேர்ந்த சி. பி. முத்தம்மா இதன் முதல் பெண் அலுவலர் ஆவார். பெண்கள் இப்பணியில் சேர்வதற்குத் தடை இல்லை என்றபோதிலும், திருமணம் செய்துகொள்ளும் பெண் பணியை இழக்க நேரிடும் என்ற நிலை நீண்ட காலம் நீடித்தது. 1979 ஆம் ஆண்டில் முத்தம்மா உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு இந்நிலை மாறுவதில் பெரும் பங்கு வகித்தது. 2001 ஆம் ஆண்டில் சொக்கிலா ஐயர் இந்தியாவின் முதல் பெண் வெளியுறவுச் செயலாளராகப் பொறுப்பேற்றார்.

பின்னணி

இந்திய விடுதலைக்கு முன்னர் 1946 அக்டோபர் 9 அன்று வெளியுறவுப் பணியை உருவாக்குவதற்கான முடிவு எடுக்கப்பட்டது. இந்த நாளே பின்னர் இந்திய வெளியுறவுப் பணி நாளாகக் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது.

விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் இந்தியாவின் சார்பில் உலக அரங்கில் அறியப்பட்ட பெண், விஜயலட்சுமி பண்டிட் ஆவார். அவர் 1947 இல் சோவியத் ஒன்றியத்துக்கும், 1949 இல் அமெரிக்காவுக்கும் தூதராக அனுப்பப்பட்டார். 1953 இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையின் முதல் பெண் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் அவர் அரசியல் வழியாக நியமனம் பெற்றவர். தேர்வெழுதிப் பணியில் சேர்ந்து, படிப்படியாக உயர விரும்பிய பட்டதாரிப் பெண்களின் நிலை வேறாக இருந்தது. அரசியல் தலைமை ஒரு பெண்ணைத் தூதராக நியமிக்கத் தயங்கவில்லை. பணி விதிகளோ பெண் அலுவலரை ஐயத்துடனேயே நோக்கின.

முதல் பெண் அலுவலர்

சி. பி. முத்தம்மா 1924 சனவரி 24 அன்று குடகுப் பகுதியின் விராஜ்பேட்டையில் பிறந்தார். தந்தையார் வன அலுவலர். முத்தம்மாவின் ஒன்பதாம் வயதில் அவர் இறந்துவிட்டார். மடிக்கேரியில் பள்ளிக் கல்வியை முடித்த முத்தம்மா, சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார்.

1948 இல் அவர் குடிமைப் பணித் தேர்வில் வெற்றி பெற்றார். இத்தேர்வில் வென்ற முதல் பெண் இவரே. நேர்முகத் தேர்வில், வெளியுறவுப் பணி பெண்களுக்கு ஏற்றதன்று எனக் கூறித் தம்மை விலக்க முயன்றதாக அவர் பிற்காலத்தில் தெரிவித்துள்ளார். அவர் தம் விருப்பத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பணியில் சேரும்போது, திருமணம் செய்துகொண்டால் பதவி விலகுவதாக உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆண் அலுவலர்களிடம் இத்தகைய உறுதிமொழி எதுவும் பெறப்படவில்லை.

இதே காலத்தில் பிற பணிகளிலும் இத்தகைய எண்ணம் நிலவியது. 1951 இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்த அன்னா ராஜம், சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதுகலை பயின்றவர். ஆட்சிப் பணியை விட்டு வெளியுறவுப் பணியையோ வேறு நடுவண் பணியையோ ஏற்குமாறும், அவையே பெண்களுக்குப் பொருத்தமானவை என்றும் நேர்முகத் தேர்வில் அவருக்குக் கூறப்பட்டது. அவர் அதனை ஏற்காது ஆட்சிப் பணியையே தேர்ந்தெடுத்துச் சென்னை மாகாணத்தில் ஒசூரில் சார் ஆட்சியராகப் பணியாற்றினார். முத்தம்மாவிடம் பெண்களுக்கு ஏற்றதன்று எனக் கூறப்பட்ட அதே பணி, சில ஆண்டுகளில் மற்றொரு பெண்ணிடம் பெண்களுக்கு ஏற்றது எனக் கூறப்பட்டது. இதிலிருந்து, அன்றைய அறிவுரைகள் பணியின் தன்மையைவிட முன்முடிவுகளையே சார்ந்திருந்தன எனலாம்.

முத்தம்மா பாரிசு, ரங்கூன், இலண்டன் முதலிய நகரங்களிலும் புது தில்லியிலும் பணியாற்றினார். 1970 இல் அங்கேரிக்கான இந்தியத் தூதராக நியமிக்கப்பட்டார். பணியின் உள்ளிருந்தே உயர்ந்து தூதரான முதல் இந்தியப் பெண் இவரே. பின்னர் கானாவிலும் நெதர்லாந்திலும் தூதராக இருந்தார்.

திருமணம் குறித்த விதிகள்

1950 இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்புச் சட்டத்தின் 14 ஆம் உறுப்பு சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது. 16 ஆம் உறுப்பு அரசு வேலைவாய்ப்பில் சம வாய்ப்பை உறுதி செய்து, பாலினத்தின் அடிப்படையில் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. இருப்பினும் அரசியலமைப்பு வந்து பதினோர் ஆண்டுகளுக்குப் பின்னர் 1961 இல் இயற்றப்பட்ட வெளியுறவுப் பணி விதிகளில் பின்வருவன இடம்பெற்றன:

• நடத்தை, ஒழுங்கு விதிகளின் 8(2) ஆம் விதி: பெண் அலுவலர் திருமணம் செய்துகொள்ளும் முன் அரசின் எழுத்து மூலமான இசைவைப் பெற வேண்டும். திருமணத்துக்குப் பின், குடும்பக் கடமைகள் அவரது பணிக்கு இடையூறாகும் என அரசு கருதினால், பதவி விலகுமாறு எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம்.
• ஆட்சேர்ப்பு, பணிமூப்பு, பதவி உயர்வு ஆகியவற்றுக்கான விதிகளின் 18(4) ஆம் விதி: திருமணமான எந்தப் பெண்ணும் இப்பணியில் நியமிக்கப்படுவதை உரிமையாகக் கோர இயலாது.

இவ்விதிகளின் விளைவாக, தேர்வில் வென்ற பெண் ஒருவர் பணி, குடும்பம் ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. ஆண்களுக்கோ திருமணம் பணிக்குத் தடையாகக் கருதப்படவில்லை. முத்தம்மா இறுதிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

முத்தம்மா வழக்கு

பணியின் முதல் நிலைக்குத் தமக்குப் பதவி உயர்வு மறுக்கப்பட்டதை எதிர்த்து முத்தம்மா உச்ச நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்தார். தம்முடைய தகுதி குறைத்து மதிப்பிடப்பட்டதற்குப் பெண்களுக்கு எதிரான மனப்பான்மையே காரணம் என்பது அவரது வாதம். மேற்கண்ட இரு விதிகளையும் அம்மனப்பான்மைக்குச் சான்றாக அவர் காட்டினார். தூதராக இருந்த ஒருவர் தம் சொந்த அரசையே நீதிமன்றத்துக்கு அழைத்தது அக்காலத்தில் அரிய நிகழ்வாகும்.

வழக்கு நிலுவையில் இருந்தபோதே அரசு அவருக்குப் பதவி உயர்வு அளித்தது; நெதர்லாந்தின் தி ஏக் நகருக்குத் தூதராகவும் நியமித்தது. 18(4) ஆம் விதி 1973 இலேயே நீக்கப்பட்டுவிட்டது என்றும், 8(2) ஆம் விதியும் நீக்கப்படவுள்ளது என்றும் அரசுத் தரப்பில் தெரிவிக்கப்பட்டது.

நீதிபதிகள் வி. ஆர். கிருஷ்ண ஐயர், பி. என். சிங்கால் ஆகியோர் அடங்கிய அமர்வு 1979 செப்டம்பர் 17 அன்று தீர்ப்பு வழங்கியது. தீர்ப்பை கிருஷ்ண ஐயர் எழுதினார். அதன் முக்கியக் கருத்துகள் வருமாறு:

• இவ்விதிகள் பெண்களுக்கு எதிரான வெளிப்படையான பாகுபாடாகும். அரசியலமைப்பின் 14, 16 ஆம் உறுப்புகளுக்கு அவை முரணானவை.
• குடும்பக் கடமைகள் பெண் அலுவலரின் பணிக்கு இடையூறாகலாம் என்றால், ஆண் அலுவலருக்கும் அதே நிலை ஏற்படக்கூடும்.
• ஆணும் பெண்ணும் எல்லாத் தொழில்களிலும் எல்லாச் சூழல்களிலும் சமம் என்று பொதுவாகக் கூறிவிட இயலாது. எனினும் வேறுபாடு தேவை எனத் தெளிவாக நிறுவப்படாத இடங்களிலெல்லாம் சமத்துவமே விதியாதல் வேண்டும்.
• முதல் மதிப்பீட்டுக்கும் இரண்டாம் மதிப்பீட்டுக்கும் இடைப்பட்ட சில மாதங்களில், முத்தம்மாவுக்கு இளையோர் சிலர் அவரை முந்திச் சென்றுள்ளதால், அவருடைய பணிமூப்பை அரசு மறு ஆய்வு செய்ய வேண்டும்.
• தனித்தனி வழக்குகள் வரும்வரை காத்திராமல், எல்லாப் பணி விதிகளிலும் உள்ள பாலினப் பாகுபாட்டை அரசு தானே முன்வந்து களைய வேண்டும்.

பதவி உயர்வு கிடைத்துவிட்டதால் மனு முறைப்படி தள்ளுபடி செய்யப்பட்டது. ஆனால் மனுவைத் தள்ளுபடி செய்தாலும் சிக்கலைத் தள்ளுபடி செய்யவில்லை என நீதிமன்றம் குறிப்பிட்டது. சட்ட நோக்கில் மனுதாரர் வெற்றி பெறவில்லை எனினும், இந்தியாவில் பணியிடப் பாலினச் சமத்துவம் குறித்த முன்னோடித் தீர்ப்புகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. சட்டக் கல்லூரிகளில் இது பாடமாகவும் பயிலப்படுகிறது. ஆணும் பெண்ணும் எல்லா நிலையிலும் சமமல்லர் என்ற தொடர் பிற்காலப் பாகுபாடுகளுக்கு இடமளிக்கக்கூடியது என்ற விமரிசனமும் உண்டு.

முத்தம்மா 1982 இல் ஓய்வு பெற்றார். சுவீடன் நாட்டுத் தலைவர் ஊலொப் பால்மே தலைமையில் அமைந்த ஆயுதக் களைவு, பாதுகாப்புச் சிக்கல்களுக்கான தன்னுரிமை ஆணையத்தில் இந்திய உறுப்பினராக இருந்தார். 2009 அக்டோபர் 14 அன்று பெங்களூரில் காலமானார்.

உயர் பதவிகளில் பெண்கள்

• அருந்ததி கோஷ்: 1996 இல் ஜெனீவாவில் நடைபெற்ற முழுமையான அணு ஆயுதச் சோதனைத் தடை உடன்படிக்கைப் பேச்சுகளில் இந்தியாவின் மறுப்பை எடுத்துரைத்தவர்.
• சொக்கிலா ஐயர்: 2001 முதல் 2002 வரை வெளியுறவுச் செயலாளர், இப்பதவி வகித்த முதல் பெண்.
• நிருபமா ராவ்: 1973 ஆம் ஆண்டுத் தொகுதியைச் சேர்ந்தவர். 2001 இல் வெளியுறவு அமைச்சின் முதல் பெண் செய்தித் தொடர்பாளர் ஆனார். இலங்கைக்கான முதல் பெண் இந்திய உயர் ஆணையராகவும், சீனாவுக்கான முதல் பெண் இந்தியத் தூதராகவும் இருந்தார். 2009 முதல் 2011 வரை வெளியுறவுச் செயலாளராகப் பணியாற்றினார்.
• மீரா சங்கர்: 2009 இல் அமெரிக்காவுக்கான தூதர் ஆனார். விஜயலட்சுமி பண்டிட்டுக்குப் பின்னர் இப்பதவிக்கு வந்த முதல் பெண் இவரே.
• சுஜாதா சிங்: 2013 முதல் 2015 சனவரி வரை வெளியுறவுச் செயலாளர்.
• ருசிரா காம்போஜ்: 2022 இல் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் அவைக்கான இந்தியாவின் நிரந்தரப் பிரதிநிதியாகப் பொறுப்பேற்ற முதல் பெண். 2024 இல் ஓய்வு பெற்றார்.

பிற நாடுகளில்

திருமணத் தடை இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. ஐக்கிய இராச்சியம் 1946 இல்தான் தூதரகப் பணியில் பெண்களை அனுமதித்தது. திருமணமானால் பதவி விலக வேண்டும் என்ற விதி அங்கு 1970களின் தொடக்கம் வரை இருந்தது. ஐக்கிய அமெரிக்காவில் 1922 இல் நியமிக்கப்பட்ட முதல் பெண் தூதரக அலுவலரான லூசில் ஆட்சர்சன், 1927 இல் திருமணத்தை முன்னிட்டுப் பதவி விலகினார். ஆத்திரேலிய அரசுப் பணிகளில் இத்தடை 1966 இல் நீக்கப்பட்டது. இலங்கையில் 1958 இல் வெளிநாட்டுப் பணியில் சேர்ந்த மானெல் அபேசேகர அந்நாட்டின் முதல் பெண் தொழில்முறைத் தூதரக அலுவலர் ஆவார்.

பன்னாட்டு அமைப்புகள் கொள்கை அளவில் முன்னரே கதவைத் திறந்திருந்தன. நாடுகளின் சங்கத்தின் உடன்பாட்டில் 7 ஆம் உறுப்பும், ஐக்கிய நாடுகள் பட்டயத்தில் 8 ஆம் உறுப்பும் அவற்றின் பதவிகளில் ஆண், பெண் இருபாலருக்கும் இடமுண்டு என்கின்றன. பட்டதாரிப் பெண்களை நாடு கடந்து இணைக்கும் நோக்கில் 1919 இல் தொடங்கப்பட்ட பன்னாட்டுப் பல்கலைக்கழக மகளிர் கூட்டமைப்பு, உயர்கல்விக்கும் ஆய்வுக்கும் உதவித்தொகை வழங்கி வந்துள்ளது. இவ்வமைப்பு 2015 இல் பன்னாட்டுப் பட்டதாரி மகளிர் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

மாணவிகளுக்கான வாய்ப்புகளும் உதவிகளும்

வெளியுறவுப் பணிக்கு ஆண்டுதோறும் நடைபெறும் குடிமைப் பணித் தேர்வின் வழியாக ஆட்கள் தெரிவு செய்யப்படுகின்றனர். எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம். முதல்நிலைத் தேர்வு, முதன்மைத் தேர்வு, நேர்முகத் தேர்வு என இது மூன்று கட்டங்களைக் கொண்டது. முதன்மைத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். விருப்பப் பாடங்களுள் அரசியல் அறிவியலும் பன்னாட்டு உறவுகளும் ஒன்றாகும். தெரிவு செய்யப்பட்டவர்கள் முசோரியில் அடிப்படைப் பயிற்சியும், புது தில்லியில் வெளியுறவுப் பணிக் கழகத்தில் சிறப்புப் பயிற்சியும் பெறுகின்றனர். இக்கழகத்துக்கு 2020 இல் முன்னாள் வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜின் பெயர் சூட்டப்பட்டது. ஒவ்வோர் அலுவலரும் ஓர் அயல்மொழியைக் கட்டாயம் கற்க வேண்டும்.

மாணவிகளுக்குப் பயன்படும் உதவிகள் சில:

• குடிமைப் பணித் தேர்வுக்குப் பெண்கள் விண்ணப்பக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை.
• சென்னையில் தமிழ்நாடு அரசு நடத்தும் குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையத்தில் தெரிவு செய்யப்படுவோர் தங்கிப் பயிலலாம்.
• தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டத்தின் கீழ் 2023 முதல், தகுதித் தேர்வில் தெரிவாகும் 1,000 பேருக்கு முதல்நிலைத் தேர்வுக்கு ஆயத்தமாக மாதம் 7,500 ரூபாய் வீதம் 10 மாதங்களுக்கு ஊக்கத்தொகை அளிக்கப்படுகிறது. இது இருபாலருக்கும் உரியது.
• தில்லி ஜாமியா மில்லியா இசுலாமியாப் பல்கலைக்கழகத்தின் உறைவிடப் பயிற்சி மையம் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், சிறுபான்மையினர் ஆகியோருடன் பெண்களுக்கும் பயிற்சி அளிக்கிறது.
• பணியில் சேர்ந்தபின், நடுவண் அரசின் பெண் ஊழியர்களுக்கு உரிய 180 நாள் மகப்பேறு விடுப்பும், பணிக்காலம் முழுமைக்குமாக 730 நாள் குழந்தை வளர்ப்பு விடுப்பும் இவர்களுக்கும் உண்டு.

எஞ்சியுள்ள சிக்கல்கள்

விதிகளில் இருந்த பாகுபாடு நீங்கியபோதும், பணியின் இயல்பால் எழும் சிக்கல்கள் தொடர்கின்றன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நாடு மாற வேண்டியிருப்பதால் வாழ்க்கைத் துணையின் வேலையும் குழந்தைகளின் கல்வியும் பாதிக்கப்படுகின்றன. கணவருக்காக மனைவி வேலையை விடுவது இயல்பாகவும், மனைவிக்காகக் கணவர் வேலையை விடுவது வியப்பாகவும் பார்க்கப்படும் சமூகத்தில் இச்சுமை பெண் அலுவலர் மீதே மிகுதியாக விழுகிறது. குடும்பக் கடமை ஆண், பெண் இருவருக்கும் உரியது என்று 1979 தீர்ப்பு கூறிய கருத்து, விதிப் புத்தகத்தில் நிறைவேறிய அளவுக்கு இல்லங்களில் இன்னும் நிறைவேறவில்லை.

இவற்றையும் பார்க்கவும்

• இந்திய வெளியுறவுப் பணி
• சி. பி. முத்தம்மா
• வி. ஆர். கிருஷ்ண ஐயர்
• விஜயலட்சுமி பண்டிட்
• நிருபமா ராவ்
• சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரி