துளைத்த டொலரும் அரைப் பூவராகனும்

சிட்னியில் வெள்ளி நாணயம் சேர்ப்பவர்களுக்குப் பெரிய கனவு ஒன்று உண்டு: 'ஹோலி டொலர்'. நடுவில் ஓட்டை போட்ட காசு. இன்று எஞ்சியிருப்பவை சுமார் 300. லட்சம் டொலரைத் தாண்டும் விலை என்பதால், என்னைப் போன்றவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம்.

1812 நவம்பர் 26ஆம் திகதி 'சமராங்' கப்பல் 40,000 ஸ்பானிய வெள்ளி டொலர்களோடு சிட்னிக்கு வந்தது. அனுப்பியது கிழக்கிந்தியக் கம்பனி, ஏற்றியது சென்னப்பட்டினத்தில். நாணயப் புத்தகங்கள் 'மெட்ராஸ்' என்று ஒரு சொல்லில் அதைக் கடந்துவிடும். நானும் பல வருடம் அப்படியே கடந்திருக்கிறேன்.

அன்று சிட்னியில் ரம்தான் பணம். வருகிற காசெல்லாம் வணிகக் கப்பலேறிப் போய்விடும். அதைத் தடுக்க ஆளுநர் லக்லன் மக்குவாரி டொலர்களைத் துளைக்கச் சொன்னார். துளைத்தவர் வில்லியம் ஹென்ஷால், கள்ளக்காசு அடித்து நாடு கடத்தப்பட்ட கைதி. வளையம் 5 ஷில்லிங், நடுத்துண்டு 15 பென்ஸ். முழுதாக 5 ஷில்லிங் பெறுமதியான காசு, வெட்டிய பின் 6 ஷில்லிங் 3 பென்ஸ் ஆனது. வெளியே கொண்டுபோனால் நட்டம். 1829இல் அவை செல்லாமல் போயின, பெரும்பாலானவை உருக்கப்பட்டன.

சில வருடங்களுக்கு முன், இங்கே ஒரு நாணயச் சந்தையில் பெரிய வெள்ளிக்காசு ஒன்று கண்ணில் பட்டது. ஒரு பக்கம் நட்சத்திரங்கள் சூழ்ந்த கோபுரம். மறுபக்கம் பெருமாள், சுற்றிலும் தமிழும் தெலுங்கும். அரைப் பூவராகன். 1807 முதல் கம்பனியின் சென்னை நாணயச்சாலையில் அடித்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது கோபுரத்துக்கு அடியில் வேறு எழுத்துகளின் நிழல் தெரிந்தது. ஸ்பானிய டொலரை உருக்காமல், அதன் மேலேயே குத்தியிருக்கிறார்கள்.

அதே வகை வெள்ளி, அதே துறைமுகம், சில வருட இடைவெளி. ஒன்றின் மேல் கோபுரம் விழுந்தது; மற்றது கடல் கடந்து வந்து துளை வாங்கியது.

விலை என் கைக்கு எட்டியது. வீட்டில் மகள் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா, இதில தமிழ் இருக்கே, இது எங்கட காசா?"

ஓம் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் கோபுரமும் எழுத்தும் நம்முடையவை. அடித்த கை கம்பனியுடையது. சனம் நம்பி வாங்க வேண்டுமே என்றுதான் அவற்றைப் பொறித்தார்கள். வெள்ளியோ ஸ்பானிய அமெரிக்காவின் சுரங்கங்களில் யாரோ வெட்டியது. அவளுக்கு அதைத்தான் சொன்னேன்.

என் அல்பத்தில் ஆஸ்திரேலியப் பக்கத்தின் முதல் கட்டம், துளைத்த டொலருக்காக வெகுகாலம் காலியாகக் கிடந்தது. அரைப் பூவராகனை அதில்தான் வைத்திருக்கிறேன்.