சண்டிகரை வரைந்த கைகள்

சண்டிகர் நகரைப் பற்றிப் பேசுவோர் லே கொர்பூசியே என்ற ஒரு பெயரோடு நின்றுவிடுகின்றனர். அந்நகரின் வரலாற்றைச் சற்றே ஊன்றி நோக்கினால், அது ஒரு குழுவின் படைப்பு என்பது நமக்குப் புலனாகும்.

1947-இல் நாடு பிரிவினையுற்றபோது லாகூர் பாகிஸ்தானைச் சேர்ந்தது. நமது பஞ்சாப் தலைநகரின்றி நின்றது. புதிய நகருக்கு முதலில் திட்டம் வகுத்தவர் அமெரிக்கரான ஆல்பர்ட் மேயர். அவருக்குத் துணையாயிருந்த கட்டடக் கலைஞர் மாத்யூ நொவிட்ஸ்கி 1950 ஆகஸ்டில் விமான விபத்தில் மாண்டார். அதன்பின் பொறியாளர் வர்மாவும் நிர்வாகி தாப்பரும் ஐரோப்பா சென்று வேறு கலைஞரைத் தேடினர். கொர்பூசியேயும், அவருடைய உறவினர் பியேர் ழான்னரேயும், ஆங்கிலேயத் தம்பதிகளான மாக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ ஆகியோரும் இசைந்தனர்.

1951 பிப்ரவரியில், சிம்லா செல்லும் சாலையிலிருந்த ஒரு விடுதியில் கூடி, சில நாட்களுக்குள்ளாகவே அவர்கள் திட்டத்தைத் திருத்தி வரைந்தனர். மேயரின் வளைந்த வீதிகள் நேராயின. ஆனால் நகரைத் தனித்தனிக் குடியிருப்புப் பகுதிகளாக வகுக்கும் அவரது கருத்து, 'செக்டர்' என்ற பெயருடன் நிலைபெற்றது. மேயரின் பெயர் மட்டும் மறைந்தது. இது நியாயமன்று என்பதே நமது எண்ணம்.

உயர்நீதிமன்றம், தலைமைச் செயலகம், சட்டமன்றம் ஆகியவை கொர்பூசியேயின் பொறுப்பு. அவர் ஆண்டுக்கு இருமுறை போல வந்து சென்றார். மக்கள் வாழும் வீடுகளோ உடனுறைந்த மூவரின் பங்காயின. அவர்களோடு எம். என். சர்மா, ஆதித்ய பிரகாஷ், ஜீத் மல்ஹோத்ரா, ஊர்மிளா சௌத்ரி முதலிய இந்திய இளைஞர்களும் உழைத்தனர்.

அரசு ஊழியர் வீடுகள், பதவிக்கும் ஊதியத்துக்கும் ஏற்பப் பல வகைகளாகப் பிரிக்கப்பட்டன. வகையின் எண்ணோடு, வடிவமைத்தவர் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து வழங்கினர். எனவே எந்த வீடு யாருடையது என்பதை ஏட்டிலேயே அறியலாம். வேலை நிமித்தம் வெளி மாநிலங்களில் சர்க்கார் குவார்ட்டர்ஸில் வாழ்ந்த நம்மவர்க்கு இதன் அருமை விளங்கும். கடைநிலைச் சிப்பந்தியின் வீட்டிலும் இரண்டு அறைகளும், சமையலறையும், குழாய்நீரும், தனிக் கழிப்பிடமும் அமைந்தன. சிமெண்டும் எஃகும் அரிதாயிருந்த அந்நாளில், உள்ளூர்ச் செங்கல்லே கைகொடுத்தது.

ஃப்ரையும் ட்ரூவும் மூன்றாண்டுகளுக்குப் பின் நாடு திரும்பினர். ழான்னரே 1965 வரை தங்கினார். அவருக்குப் பின் தலைமைக் கட்டடக் கலைஞர் பொறுப்பை ஏற்றவர் சர்மா. 1967-இல் ழான்னரே காலமானார். அவர் விரும்பியவாறே அவரது அஸ்தி 1970-இல் சண்டிகரின் சுக்னா ஏரியில் கரைக்கப்பட்டது.