தேவாலயத்துள் புகுந்த குறவஞ்சி

குறவஞ்சி என்றவுடன் நம் மாணவர் நினைவுக்கு வருவது திருக்குற்றாலக் குறவஞ்சியே. அதே சிற்றிலக்கிய வடிவில் கிறித்தவ ஞானம் பாடிய நூலொன்று உண்டு என்பதைப் பலர் அறியார். 1800ஆம் ஆண்டளவில் எழுந்த பெத்லகேம் குறவஞ்சியே அது. பாடியவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864).

திருநெல்வேலியில் பிறந்த அவரைச் சிறுவயதிலேயே தஞ்சைக்கு அழைத்துச் சென்று கல்வியளித்தவர் சுவார்ட்சு பாதிரியார். பின்னாளில் மன்னரான சரபோசியும் அவரிடம் பயின்றவரே. குறவஞ்சியில் உலாவரும் தலைவனைக் கண்டு தலைவி காதல் கொள்வாள். குறத்தி வந்து குறி சொல்வாள். சாஸ்திரியார் கிறித்துவைத் தலைவனாகவும் திருச்சபையைத் தலைவியாகவும் அமைத்தார். ஏடறியாத பாமரரும் செவிவழி அறிந்திருந்த கதைப்போக்கும் மெட்டும் அவருக்குத் துணைநின்றன. ஐரோப்பியர் கொணர்ந்த ஞானப்பாட்டுகளோ அயல் மெட்டுக்கு மொழிபெயர்க்கப்பட்டவை. தமிழின் குறிலும் நெடிலும் அவற்றில் நெரிபட்டன.

1820களின் இறுதியில் புதிய பாதிரிமார் தமிழ்க் கீர்த்தனைகளை வழிபாட்டினின்றும் விலக்க முற்பட்டனர். சாஸ்திரியார் வெகுண்டெழுந்து எழுதினார். ஆயினும் அதே முறையீட்டில், ஆலயத்தில் சாதி வேறுபாட்டை அகற்றுவதையும் ஒரு கொடுமையென்றே சாடினார். இசையைப் பொறுத்தவரை நியாயம் அவர் பக்கம் இருந்தது, இதில் இல்லை. அவரைப் போற்றுவோர் முன்னதை விரித்துரைத்துப் பின்னதை மெல்லத் தாண்டிச் செல்வதுண்டு. மாணவரிடம் மறைக்கத்தக்க செய்தியன்று அது.

1853இல் எட்வர்டு வெபு என்னும் அமெரிக்கப் பாதிரியார் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். சாஸ்திரியார் பாடல்களும் அதில் இடம்பெற்றன. அவர் அப்பொழுது எண்பது அகவையை நெருங்கிக்கொண்டிருந்தார்.