பி. ஆர். ராஜமய்யர்

பி. ஆர். ராஜமய்யர் (1872 – மே 13, 1898) தமிழ்ப் புதின முன்னோடிகளுள் ஒருவர் ஆவார். வத்தலகுண்டைச் சேர்ந்த இவர் எழுதிய ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம் என்னும் புதினம், விவேக சிந்தாமணி என்ற மாத இதழில் 1893 முதல் 1895 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. தமிழில் இதழொன்றில் தொடராக வந்து நிறைவு பெற்ற முதல் புதினமாக இது கருதப்படுகிறது. வேதாந்த ஈடுபாடு மிக்க ராஜமய்யர், பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில மாத இதழின் முதல் ஆசிரியராகவும் விளங்கினார். இருபத்தாறு வயதில் மறைந்த இவர் தமிழில் எழுதிய புதினம் இது ஒன்றே.

வாழ்க்கை

வத்தலகுண்டு அன்று மதுரை மாவட்டத்தில் இருந்தது. இன்று திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ளது. பிற்காலத்தில் பி. எஸ். ராமையா, சி. சு. செல்லப்பா ஆகிய எழுத்தாளர்களும் இவ்வூரோடு தொடர்புடையவர்களாக அமைந்தனர். ஒரு சிற்றூருக்கு இது பெரிய கணக்குதான்.

மதுரையில் பயின்ற பின் ராஜமய்யர் சென்னைக்குச் சென்று கிறித்தவக் கல்லூரியில் இளங்கலைப் பட்டம் பெற்றார். சட்டமும் பயின்றார். எனினும் வழக்கறிஞர் தொழிலை மேற்கொள்ளவில்லை. அக்காலத்தில் பட்டம் பெற்ற இளைஞர்கள் பெரும்பாலும் நாடியவை அரசுப் பணியும் நீதிமன்றமும் ஆகும். இவ்விரண்டையும் விட்டு எழுத்தையும் வேதாந்தத்தையும் பற்றிக்கொண்டது இவரது வாழ்வில் குறிப்பிடத்தக்கது. கம்பரையும் தாயுமானவரையும் விரும்பிப் படித்த இவர் ஆங்கிலக் கவிஞர்களிடத்தும் ஆழ்ந்த பற்றுக் கொண்டிருந்தார்.

தொடர்கதை என்னும் வடிவம்

புதினத்தைச் சிறு பகுதிகளாக வெளியிடும் வழக்கம் இங்கிலாந்தில் விக்டோரியா காலத்தில் வேரூன்றியது. சார்லசு டிக்கின்சு எழுதிய பிக்விக் பேப்பர்சு 1836 முதல் 1837 வரை மாதந்தோறும் தனிப் பகுதிகளாக விற்கப்பட்டது. ஒரு பகுதியின் விலை ஒரு சில்லிங். அன்று மூன்று தொகுதிகளாக வந்த ஒரு புதினத்தின் விலை முப்பத்தொன்றரை சில்லிங். ஆகவே நூலை விலைகொடுத்து வாங்க இயலாதவரும் மாதம் ஒரு சில்லிங் செலவிட்டுக் கதை படிக்க முடிந்தது. தொடக்கத்தில் சில நூறு படிகளே விற்ற பிக்விக் இறுதியில் ஏறத்தாழ 40,000 படிகள் விற்றது. இடையில் அறிமுகமான சாம் வெல்லர் என்னும் பாத்திரத்தை வாசகர்கள் விரும்பியதே இந்த ஏற்றத்திற்கு முதன்மைக் காரணம் எனப்படுகிறது. எழுதி முடிக்கும் முன்பே வாசகரின் முகத்தை ஆசிரியர் பார்த்துவிடுவது இவ்வடிவத்தின் தனித்தன்மை.

இந்தியாவில் வங்காளம் முந்திக்கொண்டது. பங்கிம் சந்திரர் 1872 இல் வங்கதர்சன் என்னும் இதழைத் தொடங்கி, தம் விஷவிருட்சம் புதினத்தை அதில் தொடராக வெளியிட்டார். தமிழின் முதல் புதினமான மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879 இல் நேரடியாக நூலாகவே வந்தது. தமிழில் தொடர் வெளியீட்டுக்கு ஓர் இதழ் தேவைப்பட்டது. சி. வி. சுவாமிநாதையர் 1892 இல் தொடங்கிய விவேக சிந்தாமணி அந்த இடத்தை நிரப்பியது.

முதல் தொடர் எது?

ராஜமய்யருக்குச் சற்று முன்னரே அ. மாதவையாவின் சாவித்திரி சரித்திரம் 1892 இல் விவேக சிந்தாமணியில் வெளிவரத் தொடங்கியது. அது சில பகுதிகளோடு நின்றுபோயிற்று. கைம்பெண் மறுமணம் பற்றிய அக்கதையை மாதவையா பின்னர் முத்துமீனாட்சி என்ற பெயரில் 1903 இல் நூலாக வெளியிட்டார். எனவே தொடங்கிய வரிசையில் மாதவையாவும், நிறைவு செய்த வரிசையில் ராஜமய்யரும் முதலிடம் பெறுகின்றனர். இருவரும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். ஒரே கல்லூரியில் பயின்றவர்கள். ஒரே இதழில் எழுதியவர்கள். தமிழ்ப் புதினத்தின் தொடக்க வரலாற்றை எழுதுவோர் இவர்களைச் சேர்த்தே பேசுவது வழக்கம்.

கமலாம்பாள் சரித்திரம்

கதை மதுரை மாவட்டத்துச் சிறுகுளம் என்னும் கற்பனைச் சிற்றூரில் தொடங்குகிறது. வசதி படைத்த முத்துஸ்வாமி அய்யரும் அவர் மனைவி கமலாம்பாளும் முதன்மைப் பாத்திரங்கள். ஊர்ப் பெண்களின் வம்புப் பேச்சு, முத்துஸ்வாமி அய்யரின் தம்பி மனைவி பொன்னம்மாளின் பொறாமை, கல்யாண ஆரவாரங்கள் ஆகியன முற்பகுதியில் நகைச்சுவையோடு காட்டப்படுகின்றன. அம்மையப்ப பிள்ளை என்னும் தமிழ்ப் பண்டிதர் பாத்திரம் இன்றளவும் நினைவுகூரப்படுவது. தமது புலமையில் அளவிறந்த நம்பிக்கையும் உலக நடப்பில் அறியாமையும் கொண்ட அவரை ஆசிரியர் கேலி செய்கிறார். ஆனால் வெறுப்போடு அன்று. பேயாண்டித் தேவன் என்னும் திருடன், சல்லிக்கட்டுக் காட்சி ஆகியன வாயிலாக அக்காலத்து மதுரைச் சீமையின் பிற பக்கங்களும் இடம்பெறுகின்றன. அதே ஊர்த் தொடர்புடைய சி. சு. செல்லப்பா பல பத்தாண்டுகளுக்குப் பின் சல்லிக்கட்டையே களமாகக் கொண்டு வாடிவாசல் எழுதியது ஒரு சுவையான ஒற்றுமை.

பின்னர் கதையின் போக்கு மாறுகிறது. மகன் காணாமற்போகிறான், செல்வம் அழிகிறது, கமலாம்பாளின் ஒழுக்கத்தைப் பற்றிய பொய்ப்பழி கணவர் காதுக்கு எட்டுகிறது. தலைப்பிலுள்ள அபவாதம் என்பது இப்பழியே. மனமுடைந்த முத்துஸ்வாமி அய்யர் வீட்டைத் துறந்து வெளியேறி, சச்சிதானந்த சுவாமிகள் என்னும் துறவியை அடைகிறார். இறுதியில் கணவனும் மனைவியும் மீண்டும் இணைகின்றனர். எனினும் ஆசிரியரின் கவனம் அப்போது குடும்பக் கதையிலிருந்து உள்ளத்தின் அமைதிக்கு நகர்ந்துவிட்டது. கதை சொல்வது மட்டுமே தம் நோக்கம் அன்று என்றும், அல்லலுற்ற ஓர் உயிர் அமைதி பெற்றதைக் காட்டுவதே நோக்கம் என்றும் அவர் முடிவில் தெரிவிக்கிறார்.

முற்பகுதிக்கும் பிற்பகுதிக்கும் உள்ள இவ்வேறுபாடு விமரிசகர்களிடையே நெடுங்காலமாக விவாதத்திற்கு உரியதாக உள்ளது. முற்பாதியின் நடப்பியலைப் போற்றுவோர், பிற்பாதியில் புதினம் தத்துவ நூலாகிவிடுகிறது எனக் குறை கூறுவர். மற்றொரு சாரார் ஆன்மிகத் தேடலே நூலின் உயிர் என்பர். இவ்விரு தரப்பினரும் நூலை ஒரே மூச்சில் எழுதப்பட்ட ஒன்றாகவே நோக்குகின்றனர். உண்மையில் இது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில், மாதத்திற்கு ஒரு பகுதியாக, இருபது வயதைக் கடந்த நிலையிலிருந்த ஓர் இளைஞரால் எழுதப்பட்டது. முற்பகுதி அச்சேறி வாசகர் கைக்குச் சென்றுவிட்டது. அதனைத் திரும்பத் திருத்த வழியில்லை. எழுதி முடித்த மறு ஆண்டே அவர் வேதாந்த இதழொன்றின் ஆசிரியரானார். எழுதுபவர் மாறிக்கொண்டிருந்த காலத்தில் எழுதப்பட்ட புதினம் தானும் நடுவழியில் மாறியதைத் தொடர் வெளியீட்டின் இயல்பாகக் கொள்ளலாம். டிக்கின்சிடத்தும் இதனைக் காணலாம்: வேடிக்கையாகத் தொடங்கும் பிக்விக் பேப்பர்சு பிற்பகுதியில் கடனாளிகளின் சிறைக்குள் நுழைகிறது.

நடையிலும் தொடரின் தடம் உண்டு. ஆசிரியர் அவ்வப்போது வாசகரோடு நேரே பேசுகிறார். உரையாடல்களில் பேச்சு வழக்கு தாராளமாகப் பயின்று வருகிறது; செய்யுள் மரபில் ஊறிய அக்கால உரைநடைக்கு இது புதியது.

புதினம் 1896 இல் நூலாக வெளிவந்தது. சுடூவர்ட் பிளாக்பர்ன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு ‘கேடு விளைவிக்கும் வதந்தி’ எனப் பொருள்படும் தலைப்பில் 1998 இல் வெளியாயிற்று. அது ராஜமய்யர் மறைந்து நூறாவது ஆண்டு.

பிரபுத்த பாரதமும் மறைவும்

சுவாமி விவேகானந்தரின் ஊக்கத்தால் அவரது சென்னை அன்பர்கள் சிலர் சூலை 1896 இல் பிரபுத்த பாரதம் இதழைத் தொடங்கினர். இருபத்துநான்கு வயதே நிரம்பிய ராஜமய்யர் அதன் ஆசிரியரானார். பல புனைபெயர்களில் தாமே எழுதி இதழின் பக்கங்களை நிரப்பினார். உண்மைப் பெருமை அல்லது வாசுதேவ சாஸ்திரி எனப் பொருள்படும் ஆங்கிலப் புதினம் ஒன்றையும் அதில் தொடராக எழுதினார்.

அத்தொடர் முற்றுப்பெறவில்லை. சிறுநீரக நோயால் அவர் மே 13, 1898 அன்று காலமானார். இதழும் சென்னையில் நின்றது. அவ்வாண்டு ஆகத்து மாதம் இமயமலை அடிவாரத்து அல்மோராவிலிருந்து சுவாமி சொரூபானந்தரை ஆசிரியராகக் கொண்டு மீண்டும் வெளிவந்தது. மறு ஆண்டு மாயாவதிக்கு இடம் பெயர்ந்தது. ராஜமய்யரின் ஆங்கிலக் கட்டுரைகள் ‘வேதாந்தத்தில் உலாக்கள்’ எனப் பொருள்படும் பெயரில் 1905 இல் தொகுக்கப்பட்டன.

தொடர் எழுதுவோர் கதையை முடிக்கும் முன் இறந்துபோவது இவ்வடிவத்தோடு கூடவே வரும் ஆபத்தாகும். டிக்கின்சு 1870 இல் இறந்தபோது, பன்னிரண்டு பகுதிகளாகத் திட்டமிட்ட எட்வின் துரூட் மர்மத்தில் பாதியே எழுதப்பட்டிருந்தது. கல்கி 1954 இல் மறைந்தபோது அமர தாரா வெளிவந்துகொண்டிருந்தது. அவருடைய மகள் ஆனந்தி அதனை எழுதி முடித்தார். ராஜமய்யரின் வாசுதேவ சாஸ்திரி அப்படியே நின்றுவிட்டது.

பின்வந்த தொடர்கள்

ராஜமய்யருக்குப் பின் தொடர்கதை உடனே பெருகிவிடவில்லை. அடுத்த கட்டத்தில் வட ஆர்க்காட்டுக்குப் பங்குண்டு. இன்றைய வேலூர், ஆம்பூர், ஆரணி ஆகியன அன்று அம்மாவட்டத்தில் அடங்கியிருந்தன. தோல் தொழிலுக்கும் பட்டுக்கும் பெயர்பெற்ற இப்பகுதியிலிருந்து வந்த ஆரணி குப்புசாமி முதலியார், 1915 இல் தோன்றிய ஆனந்தபோதினி இதழின் ஆசிரியராக இருந்தார். இவர் துப்பறியும் கதைகளையும் மர்மக் கதைகளையும் ஏராளமாக எழுதிப் பெரும் வாசகர் கூட்டத்தை உருவாக்கினார். இவற்றுள் பல ரெயினால்ட்சு என்னும் விக்டோரியா கால ஆங்கிலத் தொடர்கதை ஆசிரியரைத் தழுவியவை. டிக்கின்சுக்கு இணையாக, சில வேளை கூடுதலாகவும் விற்ற ரெயினால்ட்சு இன்று இங்கிலாந்தில் பெரிதும் மறக்கப்பட்டவர். ஆனால் இந்திய மொழிகளில் டிக்கின்சைவிட அவரே அதிகம் படிக்கப்பட்டார். தமிழ்த் தொடர்கதை ராஜமய்யரின் வழியைவிட ரெயினால்ட்சின் வழியையே முதலில் பின்பற்றியது எனலாம். இதே மாவட்டத்தில் பின்னர் பிறந்த மு. வரதராசன், செந்தாமரை (1946) முதலிய தம் புதினங்களைப் பெரும்பாலும் நேரடியாக நூலாகவே வெளியிட்டார்.

வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925 முதல் ஜகன்மோகினி இதழில் தம் தொடர்களை வெளியிட்டுப் பெண் வாசகர்களைப் பெருமளவில் ஈர்த்தார். 1926 இல் தொடங்கப்பட்ட ஆனந்த விகடனை எஸ். எஸ். வாசன் 1928 இல் வாங்கினார். அதில் 1937 இல் கல்கியின் கள்வனின் காதலி தொடராக வந்தது. 1941 இல் கல்கி இதழ் தோன்றிய பின் பார்த்திபன் கனவு, சிவகாமியின் சபதம், 1950 முதல் 1954 வரை வந்த பொன்னியின் செல்வன் எனத் தொடர்கதை வார இதழ்களின் விற்பனையைத் தாங்கும் தூணாயிற்று. தொடரின் பக்கங்களை இதழிலிருந்து பிரித்தெடுத்துத் தைத்துக் கட்டடம் செய்து வைக்கும் வழக்கம் தமிழ் வீடுகளில் அப்போது பரவியது. நூலாக வாங்க இயலாதவர்கள் நூலைத் தாமே செய்துகொண்டனர்.